உஷார்! பெயரைக் காட்டி விற்கிற ‘கேமிங் பிசி’

வீட்டில் பையனோ பெண்ணோ முதன்முதலாகச் சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்புகிறார்களா? கையில் இருப்பது 40,000, 50,000 ரூபாய்தானா? மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்குவதற்கு முன், தி.நகரிலிருந்தோ அடையாறிலிருந்தோ மவுண்ட் ரோடு பஸ் பிடிப்பதற்கு முன், பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படித்துவிடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அந்த வட்டாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள்தான். தலைமுறையாக நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. அதே சந்துகளில் பழசைப் புதுசாகவும் போலியை அசலாகவும் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. முதல் முறை வாங்குகிறவருக்கு இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில்லுக்கு மட்டுமே பணம் கொடுங்கள்.

‘ஐ7’ என்றால் எந்த ஐ7?

“ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினெட். 20,000 ரூபாய்தான், சார்!” இந்த ஒரு வரியில் நாலு பொறி இருக்கிறது.

இன்டெல் ஐ7 என்ற பெயர் பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் புழங்குகிறது. ஐ7-2600 வந்தது 2011-ல், ஐ7-3770 வந்தது 2012-ல். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த இந்த ப்ராசஸர்களை, பளபளவென்று புதிதாகத் தயாரித்த ஒரு எச்61 மதர்போர்டில் சொருகி, கலர் லைட் போட்ட கேபினெட்டுக்குள் வைத்தால் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் 2022-ல் வந்த ஐ3-12100எஃப் என்ற ‘சின்ன’ ப்ராசஸர் அந்தப் பழைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இரண்டுக்கும் 4 கோர், 8 த்ரெட்தான். நடுவில் சுமார் பத்து வருஷ முன்னேற்றம் நடந்திருக்கிறது.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வசதி வேண்டும். பழைய ஐ7-ல் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பார்கள். டெஸ்க்டாப் அழகாக வரும். வீட்டுக்கு வந்து வாலரன்ட் விளையாட்டைப் போட்டால் ஓடாது. விண்டோஸ் 11-ல் அந்த விளையாட்டின் பாதுகாப்பு மென்பொருள் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். எந்த விளையாட்டுக்காகப் பிள்ளை ஆசைப்பட்டதோ அதுவே ஓடாத கம்ப்யூட்டர் எதற்கு?

இன்டெல் நம்பரில் ‘எஃப்’ என்று முடிந்தால், அந்த ப்ராசஸரில் டிஸ்ப்ளே வசதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரை கறுப்பாகவே நிற்கும். ஏஎம்டி-யில் ரைசன் 5 5600 அப்படித்தான், 5600ஜி-யில் டிஸ்ப்ளே உண்டு. ‘கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று நினைப்பவர்கள் இந்த ஒரு எழுத்தைக் கவனியுங்கள். பெட்டி இல்லாமல் தரும் ‘ட்ரே பீஸ்’ ப்ராசஸருக்கு இன்டெலின் 3 வருஷ வாரண்டி உங்களுக்கு நேராகக் கிடைக்காது. விற்ற கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி.

‘4 ஜிபி கார்டு’ என்ற ஏமாற்று

கிராபிக்ஸ் கார்டை ஜிபி கணக்கில் விற்றால் உடனே உஷாராகுங்கள். ஜிடி 730 என்ற 2014-ம் வருஷத்துக் கார்டிலும் 4 ஜிபி உண்டு. படம் பார்க்கலாம், இப்போதைய விளையாட்டு விளையாட முடியாது. ஜிடி 1030 ஒரே பெயரில் இரண்டு விதமாக வந்தது. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதைவிட டிடிஆர்4 மெமரி உள்ளது வெகு மந்தம். ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. மெமரி மட்டுமா குறைவு? உள்ளே இருக்கும் கோர்களும் 2560-லிருந்து 2304-ஆகக் குறைகின்றன. ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி, ‘2048எஸ்பி’ என்ற குறைந்த வகையைக் கொடுப்பது இன்னொரு வழக்கம். அசல் 580-க்கு 2304 கோர்.

இதைவிட மோசம், முழுப் போலி. 2010, 2011-ல் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புகளை எடுத்து, அவற்றின் பயாஸ் என்ற உள் மென்பொருளை மாற்றி எழுதி, ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. விண்டோஸும் ஏமாந்து 1050 டிஐ என்றே காட்டும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். கடையிலேயே கார்டை மாட்டச் சொல்லி அதைத் திறந்து பாருங்கள். இந்த வகைப் போலி என்றால் கார்டின் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று போட்டுக் காட்டிவிடும். அடுத்து ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு 15 நிமிஷம் ஓடவிடுங்கள். திரையில் கோடு கோடாக வருகிறதா, கம்ப்யூட்டர் அணைகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ‘இங்க டெஸ்ட் பண்ண முடியாது’ என்று சொல்லும் கடையில் பழைய கார்டு வாங்காதீர்கள்.

பழைய கார்டு என்றாலே மைனிங் பயமும் உண்டு. 2022 செப்டம்பர் 15 வரை எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அது முடிந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. துடைத்து, புது ஃபேன் போட்டு, ‘லைட்டா யூஸ் பண்ணது’ என்று கொடுத்தால் யாருக்குத் தெரியும்? ‘7 நாள் டெஸ்டிங் வாரண்டி’ என்ற வாய்ச்சொல்லுக்கு 10,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

வீட்டையே கொளுத்தக்கூடிய பாகம்

பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரம் தரும் பெட்டியில். கேபினெட்டோடு சேர்த்தே 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்பார்கள். தயவுசெய்து இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே வேண்டியது இருந்தால் கனமாக இருக்கும். மட்டமானது காலி டப்பா போல லேசாக இருக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். ‘பிளஸ் 12 வோல்ட்’ என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்ஸ்தான் தேறும், மேலே கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருந்தாலும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட் லைனில்தான். பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு; வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கார்டுக்கான 6 பின், 8 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். இல்லையென்றால் ‘கன்வெர்ட்டர் போட்டுத் தரேன்’ என்பார்கள். அது டிஸ்க்குக்கான சாட்டா ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்கும்; அந்த ஒயரின் 12 வோல்ட் லைன் தாங்குவது 54 வாட்ஸ். 6 பின் கேட்கக்கூடியது 75, 8 பின் கேட்கக்கூடியது 150. அந்தக் கன்வெர்ட்டர் உருகலாம், தீப்பிடிக்கலாம். பாதுகாப்புச் சுற்று இல்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

எஸ்எம்பிஎஸ் நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. முத்திரையோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். போனில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியைத் திறந்து அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை இது.

ரேம், டிஸ்க்: விலை ஏறினால் திருட்டும் ஏறும்

2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளுவதுதான் முக்கியக் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு ரேம் விற்பதையே விட்டுவிடப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கடை மட்டும் பாதி விலைக்கு ரேம் தருகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

கொட்டேஷனில் ‘16 ஜிபி ரேம்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். கம்பெனி, டிடிஆர்4-ஆ 5-ஆ, வேகம், ஒன்றா இரண்டா, எல்லாம் இருக்க வேண்டும். 8 ஜிபி இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். போர்டையும் பாருங்கள்: ஏஎம்4 போர்டு டிடிஆர்4 மட்டும் ஏற்கும், ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும் ஏற்கும், ஒன்றை இன்னொன்றில் சொருக முடியாது. மாட்டியதும் சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, பில்லில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டுக்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டும். புதுசு என்று வாங்கியது ஆயிரக்கணக்கில் காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். அந்தக் கணக்கையும் அழிக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பல ஆயிரம் மணி நேரம் சர்வரில் ஓடிய சீகேட் டிஸ்க்குகளில் யாரோ இடையில் அந்தக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கி, அவை புதுசாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. ஆகவே சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா, எதுவரை என்று பார்த்த பிறகே பணம்.

‘பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்’

பட்ஜெட்காரர்கள் பலரும் விழுவது இங்கேதான். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. 50,000 ரூபாய்ப் பொருளுக்கு 9,000 ரூபாய் மிச்சம் என்றால் யாருக்கும் சபலம் தட்டும். ஆனால் ஆறாவது மாதம் கார்டு போனால் உங்கள் கையில் என்ன இருக்கும்? ஜிபே ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாது. துண்டுச் சீட்டில் ‘கம்ப்யூட்டர் 1’ என்று எழுதிக் கொடுப்பதும் பில் ஆகாது. உண்மையான பில்லில் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமிலும் பழைய பொருள் செயலிகளிலும் வரும் ‘டிரான்ஸ்ஃபர் ஆகுது, அவசரமா விக்கிறேன்’ ரகத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஆர்மிக்காரர் என்று ஐடி கார்டு காட்டினாலும் சரி. ‘திருப்பி அனுப்புறேன்’ என்று சொல்லும் பணத்தை வாங்குவதற்கு நீங்கள் க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் அது திருட்டு.

வீட்டு பிளக் பாயின்ட்டையும் பாருங்கள்

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் பழைய அடுக்ககங்களிலும் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவதில் எர்த் ஒயரே இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை ஆன் செய்யாதீர்கள். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட்ஸ் அளவில்தான். விளையாட்டின் நடுவில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடும். பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்றில் உலோகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய கார்டின் திருகுகளிலும் பின்பக்கத் தகட்டிலும் துரு, பச்சைப் பூப்பு தெரிந்தால் வாங்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள்

2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விற்ற பொருளுக்கு பில் தராததே அதன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி ஒட்டியிருந்தாலும் பழுதுக்கு அது செல்லாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் பணம் பறிகொடுத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் பாகங்களின் முழு மாடல் நம்பர்களை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று கடையில் அதே தாளைக் காட்டி விலை கேளுங்கள். ‘இது ஸ்டாக் இல்ல, இதைவிட நல்லது தரேன்’ என்று நம்பரை மாற்றினால், அன்றைக்கு வாங்காமல் வீட்டுக்கு வந்து அந்தப் புது நம்பரைப் பாருங்கள். பணம் போதவில்லையா? போலி கார்டுக்குக் கொடுப்பதைவிட, டிஸ்ப்ளே உள்ள ப்ராசஸரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பில்லோடு இப்போது வாங்கி, கார்டை ஆறு மாதம் கழித்துச் சேருங்கள். இது பிள்ளைகளின் பகுதிநேர வேலைப் பணம், அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். தாளில் எழுதிய நம்பரும் பெட்டியில் உள்ள நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால் மட்டும் அதைக் கொடுங்கள்.