கடல் உறைந்த குளிர்காலம்!

கடல் உறையுமா? இங்கிலாந்தில் உறைந்தது!

1963-ம் ஆண்டு ஜனவரியில், ஹெர்ன் பே என்ற கடற்கரை ஊரில், கரையிலிருந்து சுமார் ஒரு மைல் தூரம் கடல் பனிக்கட்டியாகி நின்றது. ஆக்ஸ்போர்டில் உறைந்து கிடந்த தேம்ஸ் நதியின் மேல் ஒருவர் காரையே ஓட்டிச் சென்றார்! ஆடுகள் பனியில் புதைந்து மாண்டன. பந்தாட்டக்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை. எப்.ஏ. கோப்பைப் போட்டியின் மூன்றாவது சுற்றை மட்டும் ஆடி முடிக்க 66 நாட்கள் ஆயின. மத்திய இங்கிலாந்தில் 1740-க்குப் பிறகு அப்படி ஒரு குளிர்காலம் வந்ததில்லை.

அதே சமயம், எப்போதும் பனி மூடிய கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் வழக்கத்தைவிடக் குளிர் குறைவு!

இது தற்செயல் அல்ல. கிரீன்லாந்தில் 1770-ம் ஆண்டுகளில் வாழ்ந்த ஹான்ஸ் எகேட சாபி என்ற பாதிரியார் இதைத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். டென்மார்க்கில் கடுங்குளிர் என்றால் கிரீன்லாந்தில் குளிர் தணியும். அங்கே தணிந்தால் இங்கே கடுமை.

காரணம் என்ன? காற்றுக்கும் எடை உண்டு. அது தரையை அழுத்துகிறது. அட்லாண்டிக் சமுத்திரத்தில், வடக்கே ஐஸ்லாந்து பக்கம் இந்த அழுத்தம் குறைவு. தெற்கே அசோர்ஸ் தீவுகள் பக்கம் அதிகம். இரண்டும் கிணற்று ஏற்றம் மாதிரி. ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். வித்தியாசம் பெரிதானால் மேல்காற்று பலமாக வீசும். கடலின் வெதுவெதுப்பையும் மழையையும் ஐரோப்பாவுக்கு அள்ளிச் செல்லும். வித்தியாசம் சுருங்கினால் மேல்காற்று ஓய்ந்து போகும். வடக்கிலிருந்தும் ருஷ்யா பக்கமிருந்தும் குளிர்காற்று ஐரோப்பாவுக்குள் புகும். தெற்கத்தி வெப்பக்காற்றோ கிரீன்லாந்து பக்கம் ஏறிவிடும்!

இதற்கு 'வட அட்லாண்டிக் ஊசல்' என்று பெயர். பெயர் வைத்தவர் சர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவர். நம் நாட்டில் பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று உலகெங்குமுள்ள வானிலைக் கணக்குகளைப் புரட்டினார். மழையைத் தேடியவர் கையில் ஐரோப்பாவின் குளிரும் சிக்கியது!

ஊசல் இன்றும் ஆடுகிறது. 2013-14 குளிர்காலத்தில் மேல்காற்று ஓங்கியது. இங்கிலாந்தின் சாமர்செட் தாழ்நிலங்கள் வாரக்கணக்கில் வெள்ளத்தில் கிடந்தன. அதற்கு முன் 2009-10-ல் அது மிகவும் தளர்ந்தது. பிரிட்டனில் சுமார் 30 ஆண்டுகளில் காணாத குளிர். பனியைக் கரைக்க ரோடுகளில் தூவும் உப்புக்கே தட்டுப்பாடு!

வரும் குளிர்காலம் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போது நவம்பரிலேயே கம்ப்யூட்டர் மூலம் ஓரளவு கணிக்கிறார்கள். உப்பு வாங்கி வைக்க அந்த அவகாசம் போதும்.