சாயத் தண்ணீருக்கும் கணக்கு உண்டு!

திருப்பூர்:
பனியன் கலர் கலராக இருக்கலாம். ஆறும் கலர் கலராக ஓடலாமா? நொய்யல் அப்படித்தான் ஓடியது!

சாயப்பட்டறைக் கழிவு கலந்ததே காரணம். பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் உப்புத் தண்ணீர் தேங்கியது. "இந்தத் தண்ணியே வேண்டாம்" என்று விவசாயிகள் கோர்ட்டு படி ஏறினார்கள்.

பட்டறைகளுக்குப் பூட்டு

2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அதிரடி உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மறுபடி திறக்க நிபந்தனை ஒன்றுதான்: கழிவு நீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது!

எப்படி முடியும்?

முதலில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. அடுத்து ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டினால் கிடைக்கும் நல்ல தண்ணீர், திரும்பவும் சாயம் போடவே போகிறது. மிச்சமுள்ள உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு கிடைக்கிறது. அதுவும் பட்டறைக்கே! சேறுதான் தலைவலி. காய்ச்சும் செலவும் கொஞ்சநஞ்சமல்ல.

மெஷின் போதுமா?

போதாது. 1996-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சர்வதேசத் தர முறை சொல்வதும் இதுதான்: திட்டம் போடு, செய், சரிபார், தப்பைத் திருத்து. எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எவ்வளவு திரும்பக் கிடைத்தது, ராத்திரி வால்வுக்கு யார் பொறுப்பு? எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டினால் மட்டும் ஆறு சுத்தமாகிவிடாது.

கல்லாவை எண்ணாமல் எந்தக் கடைக்காரராவது கடையைப் பூட்டுவாரா? தண்ணியும் காசுதாங்க!