நேர்த்திக்கடன்

தெய்வத்திடம் ஒன்றை வேண்டி, அது நிறைவேறினால் இன்னது செய்வதாக வாக்குக் கொடுத்து, பிறகு அதைச் செய்து முடிப்பது நேர்த்திக்கடன். 'நேர்தல்' என்றால் தர உடன்படுதல். 'நேர்த்தியான வேலை' என்னும்போது வரும் நேர்த்தி ஒழுங்கைச் சொல்வது. இந்த நேர்த்தியோ வாக்கு. 'கடன்' இன்று பணத்தோடு ஒட்டிப்போய்விட்டாலும் பழந்தமிழில் அது கடமையையே பெரிதும் குறித்தது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் என ஒவ்வொருவருக்கும் உரிய கடனைப் பொன்முடியார் புறநானூற்றின் 312ஆம் பாட்டில் வரிசையாகச் சொல்கிறார். நேர்த்திக்கடனில் கடமை, பாக்கி என்ற இரு பொருளும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

பேச்சில் வேண்டுதலும் நேர்த்தியும் ஒன்றாகப் புழங்குகின்றன. வேண்டுதல் கேட்பது; நேர்த்தி கொடுப்பதாகச் சொல்வது. பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையான இரவில் தாய் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் அடியில் வைப்பாள். முடிச்சு அவிழும்வரை கடன் நிலுவையில் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடன்பட்டவரே தம் சக்திக்கேற்ப அளவை முடிவு செய்துகொள்வது இந்தக் கடனுக்கே உரிய சிறப்பு.

மொட்டை, காவடி, பால்குடம், தீமிதி எனச் செலுத்தும் வழிகள் பல. பிள்ளை வரம் கேட்டவர்கள் சமயபுரத்தில் கரும்புத் தொட்டில் எடுக்கிறார்கள். கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையைக் கிடத்தி, தாயும் தந்தையும் ஆளுக்கொரு முனையைத் தாங்கிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் மண்குதிரை சுமந்துவரும் புரவி எடுப்பு உண்டு. ஊரார் பிடிமண்ணாக ஒரு கைப்பிடி மண் கொடுத்த பிறகே குயவரான வேளார் குதிரை செய்யத் தொடங்குவார்.

சமய எல்லை இதற்குக் கிடையாது. வேளாங்கண்ணியிலும் நாகூர் தர்காவிலும் முடி இறக்குவோரையும், குணமான உறுப்பின் உருவத்தை உலோகத் தகட்டில் செய்து காணிக்கையாக்குவோரையும் காணலாம். இலங்கைத் தமிழர் 'நேர்த்தி வைத்தல்' என்பார்கள். சாமிக்கென்று ஒதுக்கிய ஆட்டையோ சேவலையோ 'நேர்ந்துவிட்டது' என்பது ஊர்வழக்கு.

வங்கிக் கடனைக் கட்டுகிறோம், நேர்த்திக்கடனைச் செலுத்துகிறோம். இந்த மரியாதையைத் தமிழ் இன்னும் காப்பாற்றி வருகிறது. நேர்ந்தவர் இறந்துவிட்டால் பிள்ளைகள் அதைச் செலுத்துவது வழக்கம். ஆகவே, என்ன நேர்ந்திருக்கிறோம் என்பதை வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது நல்லது.