கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கிறதா உங்கள் போன்?

 

"எத்தனை தரம் கோல் எடுத்தேன், ஏன் தூக்கல்ல?" என்ற கேள்வியும், "சத்தமே கேட்கல்ல" என்ற மறுமொழியும் இன்று நம் வீடுகளில் அன்றாடம் கேட்பவை. கேட்பவருக்குக் கோபம், சொல்பவருக்குச் சங்கடம். இடையில் போனுக்குத்தான் பழி விழுகிறது.

ஆனால் பெரும்பாலும் போனில் பழுது எதுவும் இருப்பதில்லை. காலையில் கிளினிக்கிலோ, பாடசாலைக் கூட்டத்திலோ, ஜனாஸா வீட்டிலோ சத்தத்தை அடக்கியிருப்போம். வீடு வந்த பின் அதைக் கூட்டிவிட மறந்திருப்போம். மறுபக்கத்தில், இமாம் தக்பீர் கட்டியதும் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் பாட்டுச் சத்தம் எழுகிறது. கேட்க வேண்டிய இடத்தில் மௌனம், மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் இரைச்சல். இந்த இரண்டையும் சீர்செய்ய விரல் நுனி அளவு வேலை போதும். அதைச் செய்யும் பொறுப்பை வீட்டின் எசமானியான நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நமக்கு ஏன் இது பெரிய விடயம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் வாழத் தலைப்பட்டார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபின் பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் குடும்பங்கள் முழுதாகத் திரும்பவில்லை. முல்லைத்தீவு தண்ணீரூற்றில் உம்மா இருப்பார், மகள் பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் இருப்பாள், மருமகன் கட்டாரில் இருப்பார். இப்படி மூன்றாகப் பிரிந்த குடும்பத்தைக் கட்டி வைத்திருப்பது அந்தச் சிறு கருவிதான்.

இலங்கைக்குக் கையடக்கத் தொலைபேசி 1989லேயே வந்துவிட்டது. ஆனால் வன்னிப் பெருநிலப்பரப்பில் அதன் கோபுரங்கள் பரவலாக எழுந்தது போருக்குப் பின்னர்தான். அதுவரை கடிதத்துக்காகக் காத்திருந்த தலைமுறை நம்முடையது. அத்தனை காலம் காத்திருந்து கிடைத்த வசதியை, ஒரு பொத்தானை அழுத்த மறந்ததால் இழக்கலாமா?

ஆபத்து வேளைகளையும் எண்ணிப் பாருங்கள். 2018 டிசம்பரில் கடும் மழையால் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் நாடெங்கும் வெள்ளமும் மண்சரிவும் உண்டாயின. இப்படியான இரவுகளில் "தண்ணி ஏறுது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்க" என்று பக்கத்து ஊர் உறவினர் எடுக்கும் ஒரு கோல், கேட்டால்தான் பயன் தரும். 1990 அம்பியூலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. அதற்கு அறிவித்துவிட்டு, வழி கேட்டு அவர்கள் திருப்பி எடுக்கும்போது நம் போன் மௌனமாகக் கிடந்தால் என்னாகும்?

போனின் சத்தம் ஒன்றல்ல, நான்கு

பக்கத்துப் பொத்தானை மேலே அழுத்தினால் எல்லாச் சத்தமும் கூடும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. அண்ட்ரொயிட் போனில் சத்தம் நான்கு வகையாகப் பிரிந்திருக்கிறது. கோல் வரும்போது அடிக்கும் ரிங் சத்தம் ஒன்று. பேசும்போது காதில் கேட்கும் குரலின் சத்தம் இன்னொன்று. பயான், கிராஅத், வீடியோ ஆகியவற்றின் சத்தம் மூன்றாவது. அலாரச் சத்தம் நான்காவது. செய்திகள் வரும்போது எழும் அறிவிப்பு ஒலி ரிங்கோடு சேர்ந்தே இருந்தது. 2023இல் வந்த அண்ட்ரொயிட் 14 முதல் அதுவும் தனியாகப் பிரிந்திருக்கிறது.

2018இல் வந்த அண்ட்ரொயிட் 9 முதல், போன் சும்மா இருக்கும்போது பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பொதுவாக மாறுவது வீடியோவின் சத்தம்தான். பொத்தானை முழுதாக மேலே ஏற்றிவிட்டு, "இன்னும் ரிங் கேட்கல்லையே" என்று கடைக்குக் கொண்டு ஓடுவதன் காரணம் இதுவே.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். திரையில் ஒரு கோடு தோன்றும். அதன் அருகே உள்ள மூன்று புள்ளியையோ சிறு குறியையோ தொட்டால் எல்லாக் கோடுகளும் தனித்தனியாக வரும். மணிப் படம் அல்லது போன் படம் உள்ள ரிங் கோட்டை வேண்டிய அளவுக்கு நகர்த்துங்கள். அது வராவிட்டால் 'அமைப்புகள்' என்பதற்குள் போய் 'ஒலி' என்ற பகுதியைத் திறந்தால் அத்தனையும் அங்கே இருக்கும். ஐபோன் வைத்திருப்போர் முதலில் பக்கவாட்டில் உள்ள சிறு ஆழியைப் பாருங்கள். செம்மஞ்சள் நிறம் தெரிந்தால் போன் மௌனத்தில் இருக்கிறது. புதிய ஐபோன் சிலவற்றில் ஆழிக்குப் பதிலாக ஒரு பொத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் கோல்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் இமோவிலும் வருகின்றன. அவற்றின் ரிங்டோனையும் அறிவிப்பையும் அந்தச் செயலிகளின் அமைப்புகளுக்குள் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கோல் கேட்கிறது, மகனின் வாட்ஸ்அப் கோல் மட்டும் கேட்பதில்லை என்றால் பழுது அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று. கோல் கேட்காததற்கு எப்போதும் சத்தமே காரணமல்ல. எடுத்தவரிடம் கேளுங்கள்: அவருக்கு மணி அடித்ததா, அல்லது தொடர்புகொள்ள முடியவில்லை என்ற குரல் கேட்டதா? மணி அடித்திருந்தால் உங்கள் சத்தத்தைப் பாருங்கள். குரல் கேட்டிருந்தால் அது பெரும்பாலும் சிக்னல் குறைவு. காட்டோர ஊர்களில் போனை வீட்டின் எந்த மூலையில் வைத்தால் சிக்னல் நன்றாக வருகிறது என்று பார்த்து, அதற்கென ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர்களின் போன்

வயது ஏற ஏற முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் ஆற்றல்தான். அதனால் குருவிச் சத்தம், புல்லாங்குழல் போன்ற ரிங்டோன்களை உம்மும்மாவின் போனில் எவ்வளவு கூட்டி வைத்தாலும் அவருக்குக் கேட்காமல் போகலாம். பழைய தொலைபேசி மணி போன்ற, தடித்த, விட்டுவிட்டு அடிக்கும் ஓசையைத் தெரிவு செய்யுங்கள். குண்டுச் சத்தங்களுக்கு மத்தியில் வாழ்ந்தவர்களில் சிலருக்கு இளம் வயதிலேயே காது மந்தமாகியிருக்கிறது. அவர்களைக் "காது கேட்காத ஆள்" என்று ஏசாமல், போனை அவர்களுக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுங்கள். அதிர்வையும் சேர்த்துப் போடுங்கள். கோல் வரும்போது விளக்கு மின்னும் வசதி பல போன்களில் இருக்கிறது. அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதியில் அதைத் தேடுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது பொத்தானில் கைபட்டால் குறைவது குரலின் சத்தம். "போன் பழுதாப் போச்சு" என்று அவர்கள் சொன்னால், அவர்களோடு ஒரு கோலில் பேசியபடியே அந்தப் பொத்தானை மேலே அழுத்தச் சொல்லுங்கள். போனின் அடியிலுள்ள சிறு துளைகளில் வன்னியின் செம்மண் தூசி அடைத்தாலும் சத்தம் மங்கும். மெல்லிய, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். உறை அந்தத் துளைகளை மூடுகிறதா என்றும் பாருங்கள்.

சிறு பிள்ளைகள் விடயத்தில் இதற்கு மாறாக நடக்க வேண்டும். முழுச் சத்தத்தில் அடிக்கும் போனைத் தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் வைக்காதீர்கள். காதொலிக் கருவியில் கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். அதற்கு மேலே போனால் கேட்கலாகும் நேரம் விரைவாகக் குறைந்துவிடும்.

இரவில் என்ன செய்வது?

இரவில் போனை முழுதாக அடக்கினால் அவசரக் கோல் கேட்காது. திறந்து வைத்தால் தேவையற்ற குறுஞ்செய்திகள் தூக்கத்தைக் கெடுக்கும். இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற வசதியைப் போட்டு, அதற்குள் கணவர், பிள்ளைகள், பெற்றோர், பக்கத்து வீட்டார் ஆகியோரின் எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வையுங்கள். 'மீண்டும் அழைப்பவர்கள்' என்ற அனுமதியும் அங்கே இருக்கிறது. அதைப் போட்டால் ஒரே எண்ணிலிருந்து அண்ட்ரொயிட்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் கோல் வரும்போது மணி அடிக்கும். ஆகவே வீட்டார் எல்லோரும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: அவசரம் என்றால் உடனே இரண்டாம் தரமும் எடுப்பது.

அண்ட்ரொயிட் போனில் ஸஹருக்கும் சுபஹுக்கும் வைக்கும் அலாரம் தனிக் கோட்டில் இருப்பதை மறக்க வேண்டாம். ரிங்கை அடக்கினால் அலாரம் அடங்காது. அலாரத்தின் கோடு கீழே கிடந்தால், ரிங் எவ்வளவு பலமாக இருந்தாலும் உங்களை அது எழுப்பாது.

தொழுகையில் அடித்தால்

தொழ நிற்கும் முன் சத்தத்தை அடக்குவதே முறை. மறந்து, தொழுகையின் நடுவில் அடித்துவிட்டால், அடுத்தவர் மனம் கலையும்படி அதை அடிக்க விடுவதைவிட அடக்கிவிடுவதே மேல். ஷாபிஈ மத்ஹபில் தொடர்ச்சியான மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறிக்கும். உள்ளங்கை அசையாமல் விரல் மட்டும் அசைவது அதில் சேராது. பெரும்பாலான போன்களில் மணி அடிக்கும்போது பக்கத்துப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினாலே சத்தம் நின்றுவிடும். போனை வெளியே எடுத்து, யாருடைய எண் என்று பார்ப்பதுதான் கூடாது.

குர்ஆன் வசனத்தை ரிங்டோனாக வைப்பதை உலமாக்கள் பலர் விரும்பவில்லை. எகிப்தின் தலைமை முப்தியாக இருந்த அலி ஜும்ஆவும் 2010இல் அவ்வாறே தீர்ப்பளித்தார். காரணம் எளிது. கோலை எடுக்கும் அவசரத்தில் வசனம் பாதியில் அறுந்து பொருள் சிதையும். கழிவறையிலும் அது ஒலிக்க நேரும். சாதாரண மணியோசையே போதும்.

எடுப்பவருக்கும் ஓர் ஒழுங்கு

ஒருவர் வீட்டு வாசலில் மூன்று தரம் அனுமதி கேட்டு, கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி. சூரா அந்நூரின் 58ஆம் வசனம், வீட்டுப் பிள்ளைகளே அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று நேரங்களைச் சொல்கிறது: சுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின். கோலும் ஒரு வகையில் கதவைத் தட்டுவதுதான். அவசரமில்லாத பேச்சுக்கு இந்த நேரங்களைத் தவிர்த்துக்கொள்ளலாமே! கட்டாரில் இரவு 10 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. இந்த இரண்டரை மணி வித்தியாசத்தை மனதில் வைத்தால் பல வீடுகளில் வீண் பதற்றம் குறையும்.

ஒரு சிறு பழக்கம்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அடக்கிய சத்தத்தைத் திரும்பக் கூட்டும் வேளையை ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். வீட்டுக்குள் நுழைந்து ஸலாம் சொன்னதும், அல்லது தொழுகை விரிப்பை மடித்ததும் போனைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு தரம், உதாரணமாக வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், வீட்டிலுள்ள எல்லாப் போனுக்கும் ஒரு கோல் எடுத்துச் சோதியுங்கள். தூரத்தில் தனியாக இருக்கும் பெற்றோரின் போனையும் போகும்போதெல்லாம் பாருங்கள். அடக்கிய போன் எங்காவது தவறிவிட்டால், அது இயங்கிக்கொண்டு இணையத்தில் இருக்கும்வரை கூகுள், ஐபோன் இரண்டிலும் உள்ள தேடும் வசதியால் அதை மௌனத்திலும் ஒலிக்கச் செய்யலாம்.

சகோதரிகளே! நம்மைத் தேடி வரும் குரலுக்கு நம்மீது ஓர் உரிமை இருக்கிறது. நம் அருகே தொழுபவருக்கும், தூங்குபவருக்கும், நோயில் படுத்திருப்பவருக்கும் அதே போல ஓர் உரிமை இருக்கிறது. இரண்டையும் கொடுக்க ஒரு விரல் அசைவு போதும். இதை வாசித்து முடித்த கையோடு உங்கள் போனை எடுத்து ரிங் கோடு எங்கே நிற்கிறது என்று ஒரு தரம் பாருங்கள். வஸ்ஸலாம்.