மேலே பள்ளிவாசல், கீழே நீர்மண்டபம்

மூன்று புறமும் கடல் சூழ்ந்திருந்தும் குடிநீருக்கு அலமந்த நகரம் இஸ்தான்புல். பழைய நகர் அமைந்த முனையில் பேராறு எதுவுமில்லை. தொலைவிலுள்ள ஊற்றுகளின் நீரைக் கால்வாய் வழியாகக் கொணர்ந்தே மக்கள் வாழ்ந்தனர். முற்றுகையிட வந்தோர் அக்கால்வாயை உடைத்துவிட்டால் நகரின் கதி என்னாகும்? 626ஆம் ஆண்டில் அவார் படையினர் அவ்வாறே செய்தனர். அது செப்பனிடப்பட ஏறத்தாழ 140 ஆண்டுகள் சென்றன. இத்தகைய ஆபத்தை முன்னறிந்தே பேரரசர்கள் நிலத்தின் கீழ் நீரைச் சேமித்து வைத்தனர்.

அந்நகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அயா சோபியாவிலே தொடங்குவர். யுஸ்தீனியன் பேரரசன் 537இல் கட்டி முடித்த தேவாலயம் அது. 1453இல் பள்ளிவாசலாயிற்று, 1935இல் நூதனசாலையாயிற்று, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அம்மாற்றம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஏறத்தாழ 31 மீற்றர் அகலமுள்ள அதன் கவிமாடம் 558இல் இடிந்து வீழ்ந்தது. முன்னிலும் உயரமாக மீண்டும் எழுப்பப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் உதுமானியச் சிற்பி சினான் பெரும் முட்டுச்சுவர்களை அமைத்து அதனைத் தாங்குவித்தார். இரு சமயத்தாரின் கைவண்ணமும் சேர்ந்தே அக்கட்டடத்தை இன்றுவரை நிறுத்தியுள்ளது எனல் மிகையன்று.

எதிரே நிற்பது ஆறு மினாராக்களையுடைய சுல்தான் அகமது பள்ளிவாசல். உட்சுவர்களில் இஸ்னிக் நகரத்து நீல ஓடுகள் பொலிகின்றன. பாதணி களைந்து, பெண்டிர் முக்காடிட்டு உட்புகுதல் வேண்டும். தொழுகை வேளையில் பார்வையாளர் வெளியே காத்திருப்பர்.

அயா சோபியாவிலிருந்து சிறிது தூரம் நடந்து படிகளில் இறங்கினால் வேறோர் உலகம். யுஸ்தீனியன் காலத்து நீர்மண்டபம் அது. 12 வரிசைகளில், வரிசைக்கு 28 ஆக, 336 தூண்கள். ஒவ்வொன்றும் 9 மீற்றர் உயரம். ஏறத்தாழ 80,000 கன மீற்றர் நீர் கொள்ளும். பல தூண்கள் பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்தவையாதலின் எல்லாம் ஒரே வகையின அல்ல. ஒரு மூலையில் மெதூசா என்னும் கிரேக்க அரக்கியின் தலைகள் இரண்டு தூணடியிற் கிடக்கின்றன. ஒன்று பக்கவாட்டிலும் மற்றது தலைகீழாகவும் உள்ளன. கொத்தனுக்கு வேண்டியிருந்தது தூணின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு கல், அவ்வளவே போலும்.

இத்துணைப் பெரிய மண்டபத்தையும் நகரம் மறந்தது. 1540களில் அங்கு வந்த பியர் ஜில் என்னும் பிரெஞ்சு அறிஞர், வீட்டு நிலவறைத் துளைகளின் வழியே மக்கள் வாளியால் நீர் மொள்வதையும் மீன் பிடிப்பதையும் அறிந்தார். பின்னர்த் தீவட்டி ஒளியில் சிறு படகேறித் தூண்களிடையே சென்று பார்த்தார். தலைமுறை தலைமுறையாக அதன்மேற் குடியிருந்தோர் தம் காலடியில் என்ன இருக்கின்றதென அறிந்தாரில்லை!

மறதிக்குக் காரணமும் உண்டு. உதுமானியர் தேங்கிய நீரினும் ஓடும் நீரையே விரும்பினர். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளூச் செய்வதற்கு ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நீர் ஓடவேண்டும். ஆகவே, 1557இல் சுலைமானியாப் பள்ளிவாசலைக் கட்டி முடித்த சினானே, நகருக்கு வடக்கேயுள்ள காட்டுப் பகுதியிலிருந்து நீர் கொணரும் கால்வாய்களையும் பாலங்களையும் அமைத்தார். அப்பள்ளிவாசலின் மதிலோரத்தில் அவரது சமாதி உள்ளது. அதன் முகப்பில், வழிப்போக்கர் தாகம் தீர்க்கவென, ஒரு சிறு தண்ணீர்ப் பந்தல்.