'இருக்கா ப்ரோ?' முதல் 'பணம் வந்துடுச்சு' வரை... பழைய பொருள் வாங்க, விற்க ஒரு கைடு!

வீடு மாறப் போகிறீர்கள். புது வீட்டு கிச்சனில் பழைய ஃபிரிட்ஜ் நுழையாது. நாலு போட்டோ எடுத்து, '6,500 ரூபாய்' என்று ஓ.எல்.எக்ஸ்-லயோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்லயோ போட்டு விடுகிறீர்கள். பத்தே நிமிடத்தில் போன் கதற ஆரம்பிக்கும்.

'இருக்கா?'

'லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ.'

'3,000-க்குத் தர்றீங்களா? இப்பவே வர்றேன்.'

இப்பவே வர்றேன் என்றவர் வரவே மாட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொருவர் பேசுவார். தங்கமான மனுஷன். பேரம் இல்லை, பொருளைப் பார்க்கக்கூட வேண்டாமாம். "நான் ஆர்மில இருக்கேன், இங்கே டிரான்ஸ்ஃபர் ஆகி வர்றேன். பணத்தை இப்பவே அனுப்பிடுறேன், க்யூ.ஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க."

அன்று வந்ததிலேயே ஆபத்தான மெசேஜ் இதுதான்!

ஆன்லைன் கடையில் வாங்கினால் ரிட்டர்ன், ரீஃபண்ட், கஸ்டமர் கேர் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். தனி நபரிடம் நேரடியாக வாங்கும்போது பெரும்பாலும் அதெல்லாம் கிடையாது. அந்த ஆப் வெறும் விளம்பரப் பலகை மாதிரிதான். 'பணம் கொடுத்தபிறகு பொருள் வரலைன்னா?' என்று வாங்குபவருக்குப் பயம். 'பொருள் போய் பணம் வரலைன்னா?' என்று விற்பவருக்குப் பயம். இரண்டுக்கும் ஒரே மருந்துதான். பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். அதை மாற்றச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் வாங்க பின் நம்பர் எதுக்கு?

யு.பி.ஐ-யில் பணம் உங்கள் கணக்குக்கு வர, நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பரும் போட வேண்டாம். உங்கள் யு.பி.ஐ ஐ.டி-யோ மொபைல் நம்பரோ தெரிந்தால் போதும். பணம் தானாக வந்து விழும். பின் நம்பர் போட்டுப் பணப் பரிமாற்றம் நடந்தால், பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது என்றுதான் அர்த்தம்.

இவ்வளவு தெரிந்தும் படித்தவர்களே ஏமாறுவது எப்படி? ஏமாற்றுபவர் முதலில் ஒரு ரூபாய் அனுப்புவார். அது நிஜமாகவே வந்து சேரும், நமக்கும் நம்பிக்கை வரும். அடுத்து 6,500 ரூபாய்க்கு க்யூ.ஆர் கோடு வரும். போன் லைனை கட் பண்ணவே மாட்டார். "ஸ்கேன் பண்ணுங்க சார், பின் போடுங்க சார், சீக்கிரம் சார், டியூட்டிக்குப் போகணும்" என்று விரட்டுவார். 'பணம் செலுத்து' என்று திரையில் தெளிவாகவே எழுதியிருக்கும். அந்தப் பதற்றத்தில் யார் படிக்கிறார்கள்?

தனி நபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் கேட்டு' கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்.பி.சி.ஐ நிறுத்திவிட்டது. இந்த வகை மோசடிகள்தான் காரணம். ஆனால் க்யூ.ஆர் கோடு தந்திரத்துக்கு அந்த வசதியே தேவையில்லை என்பதால், உஷாராக இருக்க வேண்டியது நாம்தான்.

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது

பொருளை வண்டியில் ஏற்றிய பிறகு, பச்சை டிக் போட்ட திரையைக் காட்டி 'அனுப்பிட்டேன் அண்ணா' என்று கிளம்புவது இன்னொரு ரகம். அசல் போலவே காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. 'கிரெடிட் ஆகிவிட்டது' என்று பத்து இலக்க சாதாரண நம்பரிலிருந்து வரும் மெசேஜையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்க வந்தவர் நேர்மையானவர் என்றால் அந்த ரெண்டு நிமிஷம் காத்திருப்பதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. நீங்கள் வாங்கப் போகிறீர்களா? "அக்கவுன்ட்ல வந்துடுச்சான்னு பார்த்துக்கோங்க, அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகம் மலர்வது தெரியும்.

'தப்பா 10,000 அதிகமா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க' என்று போன் வந்தால், முதலில் நிஜமாகவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் அவர் சொல்லும் வேறு நம்பருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்தால், முடக்கப்படுவது உங்கள் கணக்காக இருக்கலாம்.

எந்தத் தொகைக்கு எது வசதி?

ஃபிரிட்ஜ், சைக்கிள், கட்டில் மாதிரியான பொருள்களுக்கு யு.பி.ஐ போதும். ஆனால், யு.பி.ஐ-யில் தனி நபருக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம் ரூபாய்தான் வரம்பு. புது போனுக்கு மாறியிருந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு அது இன்னும் குறையும். விற்பவர் வீட்டு வாசலில் நின்று இதைக் கண்டுபிடிக்காமல், கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக், கார் என்றால் ஐ.எம்.பி.எஸ் அல்லது நெஃப்ட். ஐ.எம்.பி.எஸ்-ல் உடனே போய்விடும். நெஃப்ட் ஞாயிற்றுக்கிழமையும் இயங்கும். ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தொகுப்பாகத்தான் போகும் என்பதால் டீ குடிக்க நேரம் ஒதுக்குங்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்குப் பெரிய தொகை அனுப்ப பல வங்கிகள் சில மணி நேரம் தடை வைக்கும். அதனால் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

ரொக்கமும் நல்ல வழிதான். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். ஆனால் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் செக் வாங்குவதாக இருந்தால், பணம் கணக்கில் ஏறும்வரை பொருளை நகர்த்தாதீர்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில், பொருளை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். 'புல்லட் 40,000-க்குத் தர்றேன், பார்சல் சார்ஜ் மட்டும் இப்போ போடுங்க' என்பது பழைய தூண்டில். நேரில் பார்த்துப் பிடித்து, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றால் 500 ரூபாய் டோக்கன் கொடுக்கலாம். எந்தத் தேதி வரை, வராவிட்டால் அந்தப் பணம் யாருக்கு என்பதை சாட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வாங்குபவருக்கும் மரியாதை உண்டு!

பேரம் பேசலாம், நம்ம ஊரில் பேரம் பேசாமல் கீரைக்கட்டுகூட வாங்குவதில்லை. ஆனால் அதற்கு ஒரு நேரம் இருக்கிறது.

'இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். "வணக்கம், ஃபிரிட்ஜ் இன்னும் இருக்கா? எத்தனை வருஷம் ஆச்சு? சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கலாமா?" என்று ஒரே மெசேஜில் கேட்டால், அந்த நாள் வந்த இருபது மெசேஜில் உங்களுக்குத்தான் முதல் பதில் வரும்.

பொருளைப் பார்க்காமல் 'லாஸ்ட் பிரைஸ்' கேட்பதும், 6,500 போட்ட பொருளுக்கு 2,000 சொல்வதும் பேரம் அல்ல. அதைவிட மோசம், போனில் 6,000 என்று முடித்துவிட்டு, வாசலில் குட்டியானையை நிறுத்திக்கொண்டு "5,000தான் இருக்கு" என்பது. பார்த்ததில் சொல்லாத குறை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயம். எதுவும் இல்லாமல் கேட்டால், அது விற்பவரை மூலையில் தள்ளுவது.

வரவில்லை என்றால், 'ஸாரி, வேற வாங்கிட்டேன்' என்று ஒரு வரி அனுப்புங்கள். உங்களுக்காக அவர் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

சோதித்துப் பார்ப்பது உங்கள் உரிமை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. ஃபிரிட்ஜ் என்றால் "வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஆன் பண்ணி வைங்க". பைக் என்றால் நேர்மாறாக, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க". குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் உண்மை தெரியும். மாடியிலிருந்து இறக்கும் ஆளுக்கும் வண்டிக்கும் செலவு பொதுவாக வாங்குபவருடையது. ஆனாலும் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. விற்பவர் பெண் என்றால், பொருள் வாங்கக் கொடுத்த நம்பர் பொருள் வாங்க மட்டும்தான். வியாபாரம் முடிந்த மறுநாள் 'சாப்டீங்களா?' என்று வரும் மெசேஜுக்கு பயந்துதான் நிறைய பேர் அண்ணன் நம்பரையும் அப்பா நம்பரையும் போடுகிறார்கள்.

போன், பைக்... கூடுதல் கவனம்

பழைய போன் என்றால் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ எண்ணைப் பாருங்கள். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பணம் கொடுக்கும் முன், விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து முழுவதும் வெளியேறி, ரீசெட் செய்து தரட்டும். இல்லாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும்.

பைக் என்றால் பணம் கொடுப்பதோடு வேலை முடியாது. ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து, கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி, இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றம் எல்லாம் வேண்டும். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் விற்ற பைக் நாளைக்கு யார் மேலாவது மோதினால், இழப்பீடு கேட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரலாம். 'அப்புறம் மாத்திக்கிறேன்' என்று சொல்லி இழுத்தடிப்பது, அவர் தலைமேல் கத்தியைத் தொங்கவிடுவது மாதிரி.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். ஏமாற்றியவர் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றும் முன் தடுக்க முடிந்தால், திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. சாட், நம்பர், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்க வேண்டாம்.

இவ்வளவு பயமுறுத்தலுக்கும் பிறகு ஒன்று சொல்லியாக வேண்டும். இப்படி வாங்கி, விற்பவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்றவர்கள்தான். ஒருவருக்குப் புது வீட்டில் இடமில்லை, இன்னொருவருக்குப் புதுசு வாங்க இப்போது கையில் காசில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன விலையைக் கொடுத்து, பணம் ஏறியதும் பொருளை எடுத்துக்கொண்டு போனால், அந்த ஃபிரிட்ஜோடு "இதுக்கு ஸ்டெபிலைசரும் இருக்கு, சும்மா எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று ஒரு குரலும் வரலாம்!