சுயதொழிலாளரும் காப்புறுதியும்

சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலைத்தலத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் அவருக்குக் கைகொடுக்கும். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம் என்பனவும் அவருக்கு உண்டு. ஆனால் எமது கிராமங்களில் வயரிங் வேலை செய்பவரும், ஒட்டுவேலை செய்பவரும், வீட்டுப்படம் கீறுபவரும் தாமே முதலாளி, தாமே தொழிலாளி. விழுந்தால் நட்டஈடு தர வேறு முதலாளி இல்லை.

"தொழிலுக்குக் காப்புறுதி உண்டா?" என்று இவர்களைக் கேட்டால், ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தையோ மோட்டார் சைக்கிளின் மூன்றாந்தரப்புக் காப்புறுதியையோதான் காட்டுவர். பின்னையதும் சட்டத்துக்குப் பயந்து எடுத்தது! வாகனத்தால் பிறருக்குத் தீங்கு நேர்வது போல, தொழிலாலும் நேரலாம் என்பதை எவரும் நினைப்பதில்லை.

ஒட்டுவேலையின்போது பறந்த தீப்பொறியால் வேலை கொடுத்தவரின் கூரை எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழந்த கருவிகளைக் கடன்பட்டாவது மீண்டும் வாங்கலாம். பிறர் வீட்டுக்கு ஈடுகட்டுவது காணியை விற்றாலும் முடியாமற் போகலாம். ஆகவே கையில் ஒரு காப்புறுதிக்கு மட்டுமே காசு இருக்குமாயின், கருவிகளுக்கு முன்னர் பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்புறுதியைப் பற்றியே விசாரிக்க வேண்டும் என்பது எனது எண்ணம். நாட்கூலிக்கு உதவியாள் ஒருவரைத் தொழிலில் சேர்த்துக்கொண்டால், மேற்சொன்ன கட்டளைச்சட்டத்தின் கீழ் நாமே முதலாளியாகிவிடுகிறோம் என்பதையும் மறந்துவிடலாகாது.

படம் கீறுபவர், ஆலோசனை கூறுபவர், கணக்கெழுதுபவர் ஆகியோரின் நிலை சற்று வேறு. இன்று கீறிய படத்தின் பிழை சில வருடங்களின் பின்னரே சுவரில் வெடிப்பாகத் தெரியவரும். இவர்களுக்கானது தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி. இது பெரும்பாலும் வேலை செய்த காலத்தை அன்றி, கோரிக்கை எழும் காலத்தையே பார்க்கிறது. தொழிலை விட்டதும் கட்டணத்தையும் நிறுத்தியவருக்கு, பின்னர் எழும் கோரிக்கைக்கு எதுவும் கிடைக்காமற் போகலாம்.

கருவிகளைக் காப்புறுதி செய்வோர் கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பெறுமதியைக் குறைத்து எழுதுவதுண்டு. 4 இலட்சம் ரூபா பெறுமதியான பொருட்களை 2 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, தீயில் 1 இலட்சம் இழந்தால், முழு 1 இலட்சமும் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. சரிவிகித நிபந்தனை இருந்தால் 50,000 ரூபாதான் கிடைக்கும். வீட்டுக்கு எடுத்த தீக் காப்புறுதியும், அங்கே தொழில் நடப்பதை அறிவிக்காவிட்டால் உதவாமற் போகலாம். முகவர் நிரப்பித் தரும் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. உண்மையை மறைத்த படிவம் நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்குப் போதிய காரணமாகும்.

முதுமைக்கும் அங்கவீனத்துக்கும், 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் உண்டு. ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் சுயதொழில் செய்வோர் சேரலாம். மரண உதவிச் சங்கங்களை ஒழுங்காக நடத்தும் எமது ஊர்களில், ஒரே தொழில் செய்யும் பத்துப் பதினைந்து பேர் கூடிச் சென்று நிறுவனங்களிடம் கட்டணம் பேசுவது கடினமல்ல. அப்போது மூன்றைக் கேட்டறியுங்கள்: எவ்விபத்துக்கள் விலக்கப்பட்டுள்ளன, முதலில் எவ்வளவு தொகையை நாமே ஏற்க வேண்டும், எத்தனை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நிறுவனம் நட்டஈட்டை மறுத்தால் அதன் காரணத்தை எழுத்தில் பெற்று, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.